வாய்க்கால் வழியே லண்டன் காட்டிய மாப்பிள்ளை

நண்பரே, முதலில் என் கையெழுத்தைப் பொறுத்துக்கொள்ளுங்கள். நான் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்தை விட்டவன். அதற்குப் பிறகு என் கை மண்வெட்டி பிடித்தது, பிஸ்கட் தட்டுப் பிடித்தது, பேனா மட்டும் பிடிக்கவில்லை. என் வரிகள் வலது பக்கம் போகப் போக மேலே ஏறும். தாளைக் கொஞ்சம் சரித்துப் பிடித்தால் நேராகிவிடும். எழுத்துப் பிழைகளும் இருக்கும். ண, ன, ந மூன்றும் எனக்கு ஒரே வீட்டு அண்ணன் தம்பிமார் மாதிரி. முகம் தெரியும், எவர் எவரென்று தெரியாது.

எழுத வைத்தவள் மகள். அண்மையில் அவள் வெனிஸ் போய் வந்தாள். கூடப் போனது ஒரு சிநேகிதன். சிநேகிதன் என்றுதான் வீட்டில் சொல்கிறோம். அதற்கு மேல் ஒரு சொல் வைக்க என் மனைவி இன்னும் அனுமதி தரவில்லை. வந்த அன்று சோபாவில் சாய்ந்துகொண்டு போனில் படம் காட்டினாள். வாசற்படியில் தண்ணீர், கோயிலடியில் தண்ணீர், சாப்பாட்டுக் கடைக்குள்ளும் தண்ணீர்.

"அப்பா, கார் இல்லை, பஸ் இல்லை, எல்லாம் கனால்தான். மேப்கூட கொன்பியூஸ் ஆகிட்டுது. நீங்க எண்டா முதல் நாளே லொஸ்ட்."

குசினிக்குள் கத்தரிக்காய் வெட்டிக்கொண்டிருந்த கத்தியின் சத்தம் நின்றது. மனைவி சிரித்தாள்.

"ஆர், உன்ரை அப்பாவோ? அவர் மாப்பிள்ளையானதே வாய்க்காலுக்குள்ளதான். கேட்டுப் பார்."

மகள் கேட்டாள். எனக்கு வாயால் சொல்ல வராது. நான் சொல்லத் தொடங்கினால் முதலில் சிரிப்பு வரும், பிறகு வெட்கம் வரும், கதை மட்டும் வராது. அதனால்தான் மகளுக்கும், கூட வாசிக்கிற உங்களுக்கும் இந்தத் தாள்.

எண்பதுகளின் கடைசியில் நான் லண்டனுக்கு வந்தேன். வெம்பிளிக்குப் பக்கத்தில் ஆல்பேட்டன் என்ற இடத்தில், யாழ்ப்பாணத்துப் பெடியன்கள் நிறைந்த ஒரு வீடு. அடுப்பு ஒன்று, அதற்கு முன்னால் எப்போதும் கோப்பையோடு ஒரு வரிசை. என் அறையில் இருந்தவர் தேவன் அண்ணை. பெற்றோல் ஷெட்டில் வேலை, உரத்த குரல். தெரிந்ததை அந்தக் குரலில் சொல்வார், தெரியாததையும் அதே குரலில் சொல்வார்.

அவர் எனக்கு ரெயில் வரைபடத்தை விரித்துக் காட்டிய நாள் நினைவிருக்கிறது. யாரோ கலர் கலராக இடியப்பம் பிழிந்து வைத்த மாதிரி இருந்தது. எந்த நூல் எங்கே தொடங்குகிறது, எங்கே அறுகிறது என்று பார்த்துக்கொண்டிருக்கவே பசி வந்துவிட்டது. பஸ்ஸோ அதைவிட மோசம். அந்தக் காலத்தில் ஏறியவுடன் சாரதியிடம் போகிற இடத்தைச் சொல்லிக் காசு கொடுக்க வேண்டும். நான் என் சின்னக் குரலில் சொல்வேன். அவர் "என்ன?" என்பார். நான் இன்னும் சின்னக் குரலில் சொல்வேன். பின்னால் வரிசை பெருமூச்சு விடும், முழு பஸ்ஸும் என்னைப் பார்க்கும். கடைசியில் எனக்குப் பாடமான ஒரே பெயரைச் சொல்லிவிடுவேன்: வெம்பிளி. எங்கே போக வெளிக்கிட்டாலும் நான் வெம்பிளியில்தான் போய் இறங்கினேன். வெம்பிளிக் கடைக்காரர்கள் என்னை ஒரு பெரிய வாடிக்கையாளன் என்று நினைத்திருப்பார்கள்.

பிஸ்கட் பக்டரியில் வேலை கிடைத்தபோது தேவன் அண்ணை யோசித்தார். இவன் பஸ்ஸில் போனால் வேலைக்குப் பதிலாக வெம்பிளிக்குத்தான் போவான். ஒரு நாள் வீட்டுக்குப் பின்பக்கமாகக் கூட்டிக்கொண்டு போய் ஒரு பாலத்துக்குக் கீழே இறக்கினார். அங்கே வாய்க்கால் கிடந்தது. கறுத்த தண்ணீர், பக்கத்தில் ஆள் நடக்க ஒரு ஒடுக்கமான பாதை.

"இந்தத் தண்ணியைப் பிடிச்சுக்கொண்டு நேர போ. உன்ரை பக்டரி மணக்கும், அதில ஏறு. தண்ணி ஒரு நாளும் பிழையான ஸ்டேசனில இறங்காது."

அவர் சொன்னவற்றில் முழுதும் உண்மையாக இருந்தது அது ஒன்றுதான். அன்றிலிருந்து லண்டன் எனக்கு வாய்க்கால் ஊர். ஒருவரிடமும் வழி கேட்கத் தேவையில்லை, வாய் திறக்கத் தேவையில்லை. மூக்குப் போதும். குஜராத்திக்காரர் கடலைமா பொரிக்கிற மணம் வந்தால் வீட்டுக்குக் கிட்ட. சுட்ட றப்பர் மணம் என்றால் பாதி வழி. சீனி கருகும் மணம் வந்தால் ஷிப்ட் தொடங்கப் போகிறது. லீவு நாட்களில் பக்டரியைத் தாண்டியும் கொஞ்சம் நடந்து பார்ப்பேன். பக்டரிக்குப் போகிற வழியிலேயே ஓரிடத்தில் பெரிய ரோட்டுக்கு மேலால் வாய்க்கால் போகும். கீழே லொறிகள் ஓட மேலே படகு போனதை முதல் தடவை கண்டபோது எனக்குக் காய்ச்சலென்று நினைத்துத் திரும்பி வந்து படுத்துவிட்டேன்.

அன்னங்களும் இருந்தன. அன்னம் பாலையும் தண்ணீரையும் பிரிக்கும் என்று ஐந்தாம் வகுப்பில் படிப்பித்தார்கள். லண்டன் அன்னம் என்னையும் நான் சாப்பிடக் கொண்டுபோன பாண் துண்டையும் பிரித்தது. பாலெல்லாம் அதற்குப் பொருட்டில்லை.

இப்படி இருக்கும்போதுதான் ஊரிலிருந்து ஒரு சம்பந்தம் வந்தது. படம் ஒன்று அனுப்பியிருந்தார்கள். நான் அதை வேலைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரிந்தேன். இடைவேளைக்கு இடைவேளை எடுத்துப் பார்த்ததில் அவள் முகத்தில் பிஸ்கட் மா படிந்து, கல்யாணத்துக்கு முன்பே பவுடர் போட்ட மாதிரி ஆகிவிட்டாள். எனக்கு அவளைத் தவிர வேறு யோசனை இல்லை. ஆனால் பெண்ணுக்குத் தகப்பன் இல்லை. தகப்பனின் தமையன், பெரியப்பா, அவர்தான் அந்த வீட்டுக்குத் தலை. அவர் ஓம் என்றால் ஓம், இல்லையென்றால் படத்தைத் திருப்பி அனுப்ப வேண்டியதுதான்.

அவர் கனடாவில் இருந்த மகனிடம் போகிற வழியில் லண்டனில் இறங்கினார். கிங்ஸ்பரியில் ஒரு சொந்தக்காரர் வீட்டில் தங்கிக்கொண்டு எங்கள் வீட்டுக்குப் போன் எடுத்தார். இந்தப் பக்கம் பேசியது தேவன் அண்ணை.

"மாப்பிள்ளைக்கு லண்டன் தண்ணிபட்ட பாடு ஐயா! மூலை முடுக்கெல்லாம் தெரியும். நாளைக்கு முழு இடமும் அவர் கொண்டுபோய்க் காட்டுவார்."

பக்கத்தில் நின்ற நான் அவர் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பெரியவர் சொன்ன மறுமொழியை அண்ணை பிறகு அப்படியே சொல்லிக் காட்டினார். "நல்லது. ஒரு நாள் கூட நடந்து திரிஞ்சா ஆள் ஆரெண்டு விளங்கியிடும்."

அன்றிரவு எங்கள் இருவருக்கும் பெரிய ஆலோசனை. வழி ஒரு பிரச்சினை. அதைவிடப் பெரிய பிரச்சினை, அவரை நான் என்னவென்று கூப்பிடுவது? பெண்ணின் பெரியப்பா எனக்கு மாமா முறை. ஆனால் சம்பந்தம் முடிவாகிறதுக்கு முன்பே மாமா என்றால், பெடியன் பாய் விரிக்க முதல் படுக்கிறான் என்பார். ஐயா என்றால், இவனுக்கு எங்களோடு ஒட்ட விருப்பமில்லை என்பார். அங்கிள் என்பது டொக்டர்மாரின் பிள்ளைகள் சொல்வது. என் வாயில் அது நிற்காது.

"ஒண்டும் கூப்பிடாதை," என்றார் தேவன் அண்ணை. "கேட்டதுக்கு ஓம், இல்லை எண்டு சொல்லு. மிச்சத்துக்குத் தலையை ஆட்டு."

"நீங்களும் வாங்கோவன் அண்ணை."

"எனக்கு ஷிப்ட். நீ தண்ணியைப் பிடிச்சுக்கொண்டு போ. எல்லாத் தண்ணியும் கடைசியில தேம்ஸ் ஆத்துக்குத்தானே போகோணும்? அரண்மனையும் அதுக்குக் கிட்டத்தான்."

யாழ்ப்பாணத்தில் ஆறு கிடையாது. ஆற்றைப் பற்றி எவர் என்ன சொன்னாலும் நம்புகிற ஊர் அது. நானும் நம்பினேன்.

அடுத்த நாள் சொந்தக்காரர் பெரியவரைக் காரில் கொண்டுவந்து இறக்கிவிட்டுப் போனார். ஜூன் மாதத்து வெயில். பெரியவர் கடன் வாங்கிய ஓவர்கோட்டும் குரங்குத் தொப்பியும் புதுச் சப்பாத்தும் போட்டிருந்தார். கையில் குடை. வெங்காயமும் புகையிலையும் செய்து முறுகிய கமக்காரர் அவர். வாய்க்காலைக் கண்டதும் முகம் மலர்ந்தது.

"அட, இஞ்சயும் இறைப்பு இருக்கோ? இது எந்தத் தோட்டத்துக்குப் பாயுது தம்பி?"

"தோட்டம் இல்லை," என்றேன். 'மாமா' வர வேண்டிய இடத்தில் ஒரு விழுங்கல் விழுங்கினேன்.

"பேந்து ஏன் வெட்டினவங்கள்?"

"படகு போக."

அவர் நம்பவில்லை. ஒரு குச்சியை முறித்துத் தண்ணீரில் போட்டு எந்தப் பக்கம் ஓடுகிறதென்று பார்த்தார். குச்சி அசையவில்லை. பிறகு காற்று அதை மெல்லத் தள்ளி அவர் காலடிக்கே திருப்பிக் கொண்டுவந்தது.

"ஓடாத வாய்க்கால்," என்றார் வெறுப்போடு. "மடை மாறி விட்டிருக்கிறாங்கள்."

நடந்தோம். அவர் கேள்விகள் கேட்டார். சம்பளம் என்ன, குடிப்பழக்கம் உண்டோ, சாதகத்தில் ஏதும் குறையோ. நான் ஓம், இல்லை, ஓம் என்றேன். எதற்கு எதைச் சொன்னேன் என்று இப்போதும் நிச்சயமில்லை. ரோட்டுக்கு மேலால் வாய்க்கால் போகிற இடத்தில் மட்டும் அவர் கேள்வியை நிறுத்தினார். கம்பியைப் பிடித்துக்கொண்டு கீழே ஓடும் லொறிகளைப் பார்த்தார், மேலே நிற்கும் தண்ணீரைப் பார்த்தார். பிறகு கைகொட்டிச் சிரித்தார்.

"எங்கட ஒழுங்கைக்குக் குறுக்கால தண்ணி விட்டதுக்கே ரெண்டு தலைமுறையா வழக்கு. இவன் ராசாவின்ரை ரோட்டுக்கு மேலால கொண்டுபோயிருக்கிறான்! கேக்க ஆளில்லையோ?"

எனக்குக் கொஞ்சம் மூச்சு வந்தது. அது கன நேரம் நிற்கவில்லை. பக்டரி மணம் தாண்டி, நான் அதுவரை போகாத தூரத்துக்குப் போனோம். புதுச் சப்பாத்து கடிக்கத் தொடங்கியது. அவர் ஒவ்வொரு பாலத்திலும் "அரண்மனை வந்திட்டுதோ?" என்றார். நான் தலையை ஆட்டினேன். எந்தப் பக்கமாக ஆட்டினேன் என்று கேட்காதீர்கள். கடைசியில் ஒரு பக்கம் வானம் முட்ட இரும்புக் கூடு போட்ட காஸ் தாங்கிகள். மறுபக்கம் மதில். மதிலுக்கு மேலால் சிலுவைகள், சிறகு விரித்த கல் பொம்மைகள். எனக்கு விளங்க முன்பே அவருக்கு விளங்கிவிட்டது.

"தம்பி, இது என்ன இடம்?"

நான் அண்ணாந்து சிலுவைகளைப் பார்த்தேன்.

"நல்ல காரியம் பேச வந்தவனை நீ சுடலைக்கெல்லோ கொண்டு வந்திருக்கிறாய்?"

சட்டைப் பைக்குள் இருந்த படம் அந்த நேரத்தில் கல்லாகக் கனத்தது. நண்பரே, சம்பந்தம் பேச வந்தவரைச் சுடுகாட்டுப் பக்கமாகக் கூட்டிப்போன மாப்பிள்ளை உலகத்தில் நான் ஒருவனாகத்தான் இருப்பேன். இனி என்ன, இவர் கனடா போனதும் போனில் "வேண்டாம்" என்று ஒரு சொல் சொல்வார். அதோடு முடிந்தது.

அவர் களைத்து, நான் பையில் கொண்டுபோன றோல்ஸை வாங்கிக் கடித்துக்கொண்டு நடந்தார். அந்த மணத்துக்கு அன்னம் வந்தது. குஞ்சுகளோடு வந்த அன்னம். பாதையில் ஏறிச் செட்டையை விரித்து, சாரைப்பாம்பு மாதிரிச் சீறியது. பெரியவர் குடையை நீட்டினார். அன்னம் குடையைப் பிடித்தது. பெரியவர் விடவில்லை.

"விடு! விடடா! ஆரின்ரை குடை தெரியுமே?" என்று இழுத்துக்கொண்டு அவர் பின்னுக்குப் போனார். பின்னால் தரை முடிந்து தண்ணீர்.

"மாமா! பின்னுக்குப் போகாதேங்கோ! மாமா!"

அந்தச் சத்தம் என்னுடையது என்று நானே நம்பவில்லை. கல்லறைக்குள் படுத்திருந்தவர்களுக்கும் கேட்டிருக்கும். பாய்ந்துபோய் ஓவர்கோட்டைப் பிடித்து அவரை மதில் பக்கம் சுழற்றிவிட்டேன். சுழற்றிய வேகத்தில் நான் வாய்க்காலுக்குள் போனேன்.

தாண்டு அடிக்கே போகப் போகிறேன் என்று கண்ணை மூடினேன். கால் சேற்றில் முட்டியது. திறந்து பார்த்தால் தண்ணீர் என் நெஞ்சுவரை. இவ்வளவு காலமும் அடி காணாத ஆழம் என்று பயந்து மதிலோரமாக நடந்த வாய்க்கால் அது. மேலே மாமா, பறிகொடுக்காத குடையோடு, குனிந்து பார்த்தார்.

"இவ்வளவுதானோ ஆழம்?"

"ஓம்."

"ஓம்... என்ன?"

நான் வாயை மூடிக்கொண்டேன். பல் அடித்தது. குளிருக்கா வேறெதற்கா தெரியாது.

"அப்ப என்ன எண்டு கூப்பிட்டனீ? திருப்பிச் சொல்லு. அதுவரைக்கும் அதுக்குள்ளயே நில்லு."

"மாமா."

"காலமை துவக்கம் ஊமைக்கோ பிள்ளையைக் குடுக்கப் போறம் எண்டு யோசிச்சுக்கொண்டு வாறன். ஏறு, ஏறு, விறைக்கப் போகுது," என்று குடையின் வளைந்த பிடியை என் பக்கம் நீட்டினார்.

அவர் இழுத்து நான் ஏறவில்லை. பக்கத்தில் கட்டியிருந்த நீளப் படகிலிருந்து ஒரு வெள்ளைக்காரர் வந்தார். வெறுங்கால், நரைத்த குடுமி. எங்கள் இருவரையும் பார்த்து ஒன்றும் கேட்காமல் என் சட்டைக் கொலரைப் பிடித்துத் தூக்கினார். உள்ளே கூட்டிப்போய்த் தன் கம்பளிச் சட்டையும் காற்சட்டையும் தந்தார். காற்சட்டைக்குள் என்னைப் போல இன்னொருவனும் நிற்கலாம். சீனி கலந்த தேத்தண்ணி தந்தார். மாமா தன் பள்ளிக்கூட ஆங்கிலத்தில், நிமிர்ந்து உட்கார்ந்து, எங்கள் ஊரில் ஆறே இல்லை என்பதை அவருக்கு விளக்கினார். அவர் மிகவும் கவலைப்பட்டார்.

பிறகு படகை அவிழ்த்து எங்களைக் கொண்டுபோனார். வாத்துகள் எங்களை முந்தின. மாமா குரங்குத் தொப்பியோடு பின்பக்கம் நின்று சுக்கான் பிடித்தார். ஒரு கமக்காரனின் முகத்தில் அப்படி ஒரு சந்தோஷத்தை மழை நாளில்தான் காணலாம். அகலமான ஒரு தண்ணீர்த் துறையில், மரநிழலில், படகு நின்றது. மாமா கரையில் இருந்த பலகையை எழுத்துக் கூட்டி வாசித்தார்.

"லிட்டில்... வெனிஸ். வெனிஸ் எண்டால் இத்தாலியெல்லோ? லண்டன் பாக்க வெளிக்கிட்டு இத்தாலிக்கு வந்திட்டம் மருமோன்."

மருமோன். நண்பரே, எனக்குக் கிடைத்த சம்மதம் அதுதான். தட்டு இல்லை, வெற்றிலை இல்லை, சாட்சிக்கு ஒரு குடுமி வெள்ளைக்காரர்.

திரும்பும்போது பஸ் எடுத்தோம். சாரதியிடம் மாமாவை முந்திக்கொண்டு நான்தான் கேட்டேன், "கிங்ஸ்பரி!" என்று. சாரதி திடுக்கிட்டார். இந்த பஸ் கிங்ஸ்பரிக்குப் போகாது, ஆனால் வெம்பிளிக்குப் போகும் என்றார்.

மாமா அரண்மனையைக் காணவில்லை. மணிக்கூட்டுக் கோபுரத்தையும் காணவில்லை. ஊருக்கு அவர் சொல்லி அனுப்பிய செய்தி, லண்டன் ஒரு வாய்க்கால் ஊர், ரோட்டுக்கு மேலால் தண்ணீர், பெடியன் பேச மாட்டான் ஆனால் தேவைப்பட்டால் கத்துவான் என்பதுதான். படத்தில் இருந்தவள் அதை நம்பினாள். விமான நிலையத்தில் வந்து இறங்கி, என்னை முதன்முதலாகக் கண்டு, அவள் கேட்ட முதல் கேள்வி இது: "வள்ளம் எங்க விட்டனீங்கள்?"

மகளுக்கு இந்த இடத்தில் சிரிப்பு வரும். வரட்டும்.

போன ஞாயிறு அந்தச் சிநேகிதன் வீட்டுக்கு வந்தான். இங்கே பிறந்த தமிழ்ப் பெடியன். "ஹாய்" என்றான், அதற்குப் பிறகு ஒரு சொல் இருக்க வேண்டிய இடத்தில் ஒரு விழுங்கல் விழுங்கினான். அந்த விழுங்கலை நான் எங்கேயும் அடையாளம் காண்பேன். "வா தம்பி, ஒருக்கா நடந்திட்டு வருவம்," என்று வாய்க்காலுக்குக் கூட்டிப்போனேன். மனைவி வாசல்வரை வந்தாள்.

"பெடியனைத் தண்ணிக்குள்ள தள்ளிப்போடாதேங்கோ."

நடந்தோம். குஜராத்திக்காரரின் பொரியல் மணம் இல்லை. அந்த இடத்தில் பல மாடி வீடுகள், பால்கனிகளில் யாரும் உட்காராத கதிரைகள். றப்பர் மணம் இல்லை. காஸ் தாங்கிகளை வெட்டி எடுத்துவிட்டார்கள். அவை நின்ற வானம் பல்லுப் பிடுங்கிய வாய் மாதிரி இருந்தது. பஸ்ஸில் இப்போது யாரும் இடத்தின் பெயரைச் சொல்ல வேண்டியதில்லை, கார்டைத் தொட்டால் போதும். என்னைப் போன்ற கூச்சக்காரர்களுக்கு இது பொற்காலம். நான்தான் அவசரப்பட்டு முன்பே வந்துவிட்டேன். தேவன் அண்ணை கடை போட்டு, கடை விட்டு, ஒரு நாள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு போய்விட்டார். மாமாவும் கனடாவில் கண் மூடி, பனிக்குள் போனார். அவருக்குப் பிறகு நான் மாமா என்று கூப்பிட இந்த உலகத்தில் ஆள் இல்லை.

பெடியனின் கையில் போன் இருந்தது. அது எங்கே திரும்ப வேண்டும் என்று அவனுக்குச் சொல்லிக்கொண்டே வந்தது. எங்கும் திரும்பத் தேவையில்லாத பாதையில் அது ஏன் பேசியது என்று தெரியவில்லை. சுடலை மதிலடியில் இரண்டு அன்னங்கள் கிடந்தன. பெடியன் படம் எடுக்க விளிம்புக்குப் போய் நின்றான். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டு பார்த்தேன். அவை எங்களைப் பார்த்தன. கழுத்தைத் திருப்பிக்கொண்டு, மரியாதையாக, தங்கள் பாட்டில் போய்விட்டன.

"நல்லா இருக்கு..." என்றான் பெடியன். அடுத்த சொல்லுக்கு நான் காத்திருந்தேன். வரவில்லை.

வீட்டுக்கு வந்ததும் மனைவி என்னைக் குசினிக்குள் இழுத்தாள்.

"என்ன, ஏதும் கூப்பிட்டவனோ?"

"இல்லை," என்றேன். "இப்பத்தை அன்னங்களுக்குக் கோவம் வாறேல்லை."

2023 ஆகஸ்ட் 13, ஞாயிற்றுக்கிழமை பின்னேரம். பெடியன் இன்றைக்கும் வந்திருக்கிறான், முன் அறையில் இருக்கிறான். பாதை இன்னும் அங்கேதான் இருக்கிறது. நான் சப்பாத்துப் போடப் போகிறேன்.